குறைச்சீட்டு இங்கிலீஷ்

கறைக்காரிக்கு இங்கிலீஷில் 'குட் மார்னிங்' சொல்ல வராது. ஆனால் 'இந்த அலட்சியத்தை நான் லேசில் விடப்போவதில்லை' என்பதை ஆறு விதமாகச் சொல்வாள். ஆறும் அட்சரசுத்தம். எதிரே நிற்கிறவன் இரண்டடி பின்னால் போய்த்தான் மூச்சு விடுவான்.

இதில் மாயமந்திரம் ஒன்றும் கிடையாது. நூற்று நாற்பது அறை உள்ள ஒரு பெரிய ஹோட்டல். அதன் நிலவறையில் சலவைக்கூடம். அங்கே கறை எடுப்பது அவள் வேலை. அதனால் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர்தான் கறைக்காரி. மை கசிந்த சட்டைப் பை, ஒயின் கொட்டிய கோட்டு, உதட்டுச் சாயம் பட்ட காலர் எல்லாம் அவள் மேசைக்கு வரும். சலவை சரியில்லை என்று விருந்தாளிகள் திருப்பி அனுப்புகிற உருப்படிகளும் அவளிடம்தான் வரும். ஒவ்வொன்றிலும் ஒரு குறைச்சீட்டு குத்தியிருக்கும். பதினோரு வருஷமாக அவள் படித்த இங்கிலீஷ் முழுக்க முழுக்க அந்தச் சீட்டுகள்தான்.

முதலில் கறை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் படித்தாள். காலர், கஃப், பாக்கெட், ஸ்டெயின். அப்புறம் விஷயம் பிடித்துப்போய்விட்டது. ஒரு சட்டைக்காக மனிதர்கள் இவ்வளவு அழகாகத் திட்டுவார்கள் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. புரியாத வாக்கியம் வந்தால் அகராதி பார்க்கமாட்டாள், துணியைப் பார்ப்பாள். ஒருநாள் 'ஆடிங் இன்சல்ட் டு இஞ்சுரி' என்று ஒரு சீட்டு வந்தது. சட்டையைப் புரட்டினாள். பழைய காபிக் கறை அப்படியே இருந்தது. அதன்மேல் புதிதாக ஓர் இஸ்திரிப்பெட்டித் தீய்ச்சல். அடடே, வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதா சங்கதி என்று விளங்கிவிட்டது.

'திஸ் இஸ் த லாஸ்ட் ஸ்ட்ரா' வந்தபோதுதான் கொஞ்சம் திண்டாட்டம். இஸ்திரி போடும் அம்மாள் எங்கிருந்தோ ஒரு கிழிந்த அகராதியைக் கொண்டுவந்து, 'ஸ்ட்ரா' என்றால் வைக்கோல் என்று கண்டுபிடித்தாள்.

"கடைசி வைக்கோலாமே! ரூமுக்குள்ள மாடு கட்டியிருக்கானா இந்தாளு?"

"மாடு கட்டியிருந்தா சாணிக் கறை இருக்கணும்க்கா. இதுல ஒண்ணுமில்ல" என்றாள் கறைக்காரி, கால்சட்டையை உதறிப் பார்த்துவிட்டு.

அதே அறையிலிருந்து அது மூன்றாவது சீட்டு. அடிக்கோடு வேறு இரண்டு. பொறுத்தது போதும் என்கிறான் போலிருக்கிறது என்று அவளே முடிவுகட்டினாள். அது சரியாகவே இருந்தது.

உச்சரிப்புக்கு உள்தொலைபேசி இருந்தது. கோபம் தலைக்கேறிய விருந்தாளிகள் வரவேற்பறையைத் தாண்டி நேரே சலவைக்கூடத்துக்கே அடிப்பார்கள். அவள் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், அவர்கள் ஓயும்வரை கேட்பாள். சீட்டில் பார்த்ததற்கெல்லாம் ராகம் அங்கே கிடைத்தது.

இதனால் அவள் தெருவில் அவளுக்கு ஏக மவுசு. யாராவது வாங்கிய குடை ஒழுகினால், செருப்பு இரண்டே நாளில் வாயைப் பிளந்தால், அவளைத்தான் கடைக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். கடைக்காரர் சால்ஜாப்பு சொல்ல ஆரம்பித்தால், புருவத்தைத் தூக்கி, 'ஐ வாஸ் நாட் பார்ன் யெஸ்டர்டே' என்பாள். நேற்றுப் பிறந்தவளில்லை, என் காதில் பூச்சுற்றாதே என்று அர்த்தம். அர்த்தம் தெரியாத கடைக்காரரும் சாமானை மாற்றிக் கொடுத்துவிடுவார்.

இப்படி அவள் ராஜாங்கம் நடந்துகொண்டிருக்கையில், ஹோட்டலின் மூன்றாம் மாடியில் ஒரு நாற்காலி காலியானது. விருந்தாளிகளிடம் துணியை வாங்கி, வெளுத்துத் திருப்பிக் கொடுக்கும் கவுண்டர் அது. சம்பளம் ஒன்றும் பிரமாதமாகக் கூடிவிடாது. ஆனால் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு ஜன்னல் இருந்தது.

நிலவறையில் ஜன்னல் ஏது? காற்றை வெளியே தள்ளவேண்டிய விசிறி இரண்டு வருஷமாகச் சுற்றவில்லை. கறை எடுக்கும் மருந்தின் நெடி போக வழியில்லாமல் அங்கேயே குடித்தனம் நடத்தியது. காலை ஏழு மணிக்கு உள்ளே போனால் சாயங்காலம் ஐந்துக்குத்தான் அவள் வெளியே வருவாள். வெளியில் மழையா வெயிலா என்பதைக்கூட மேலேயிருந்து வருகிற கால்சட்டைகளின் ஓரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். அவளுக்கு அந்த ஜன்னல் வேண்டும். இந்தப் பதினோரு வருஷத்தில் வேறு எதற்கும் அவள் அப்படி ஆசைப்பட்டதில்லை.

சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டாள். அந்த மனிதருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் 'நாளைக்கு'. எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து வருவது அதுதான்.

"கவுண்டர் வேலைக்கு நானும் பேர் குடுக்கலாமா சார்?"

"உனக்கெதுக்கும்மா அதெல்லாம்? என் மச்சினன் குடுத்திருக்கான். பையன் நல்லா டை கட்டுவான்."

"டை கட்டினா கறை போயிடுமா சார்?"

"இங்கிலீஷ்ல பேசணும்மா. மேனேஜரம்மா விருந்தாளி மாதிரி வந்து சத்தம் போடுவாங்க. அவங்கள இங்கிலீஷ்லயே சமாதானம் பண்ணணும். உன்னால ஆகுமா?"

"பேர எழுதிக்குங்க."

"நாளைக்கு எழுதிக்கலாம்."

அவள் அவர் மேசையிலிருந்த பேனாவை எடுத்து, தானே எழுதிவிட்டு வந்தாள். தேர்வுக்கு இன்னும் இருபது நாள் இருந்தது.

அன்று சாயங்காலம்தான் அவளுக்கு விஷயம் உறைத்தது. திட்டுகிற இங்கிலீஷ் மலைபோல் இருக்கிறது. சமாதானம் பண்ணுகிற இங்கிலீஷ் ஒரு வரி இல்லை. இத்தனைக்கும் ஹோட்டல்காரர்கள் அச்சடித்த மன்னிப்பு அட்டை அவள் மேசையிலேயே கட்டுக்கட்டாகக் கிடந்தது. திருத்திய ஒவ்வொரு துணியிலும் அவள்தான் ஒன்றை எடுத்துக் குத்துவாள். ஆயிரக்கணக்கில் குத்தியிருக்கிறாள், ஒன்றைக்கூடப் படித்ததில்லை. படிக்க அதில் என்ன இருக்கிறது, ஒரே மாதிரி அச்சு, ஒரு அடிக்கோடு உண்டா, ஆச்சரியக்குறி உண்டா என்று விட்டுவிட்டாள். இப்போது ஓர் அட்டையை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்காரர் பஸ் டிரைவர். விடிகாலை ஷிப்டு. மதியமே வீடு திரும்பி, சமைத்து வைத்துவிட்டுக் காத்திருப்பார். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் வாயிலிருந்து மன்னிப்பு என்ற சொல் மட்டும் வராது. பதினாறு வருஷக் குடித்தனத்தில் ஒருதடவை வந்ததில்லை. காலை மிதித்துவிட்டால்கூட, "பாத்து உக்காரக்கூடாதா?" என்று நம்மையே கேட்பார்.

"ஏங்க, எனக்கு ஒரு உதவி வேணும். ஒரு வாரம் நான் விருந்தாளி, நீங்க கவுண்டர். அதப் பாத்து நான் புரிஞ்சுக்கிறேன். அப்புறம் மாத்திக்கலாம்."

"நான் என்ன பண்ணணும்?"

"இந்த அட்டைய மனப்பாடம் பண்ணணும்."

அவர் வாங்கிப் பார்த்தார். எழுத்துக்கூட்டினார். மறுநாள் ஒவ்வொரு சிக்னலிலும் பஸ்ஸை நிறுத்திவைத்து முணுமுணுத்து நெட்டுரு போட்டார். சாயங்காலம் சாப்பிட்டு முடித்ததும், அவள் ஒரு துண்டைக் கோட்டு மாதிரி கையில் தொங்கவிட்டுக்கொண்டு எதிரே வந்து நின்றாள். 'டு புட் இட் மைல்ட்லி' என்று தொடங்கினாள். மென்மையாகச் சொல்வதானால் என்று பொருள். அதற்குப் பின்னால் வந்ததில் மென்மை மருந்துக்குக்கூட இல்லை. அவர் அரண்டுபோய், விறைப்பாக நின்று சொன்னார்:

"வீ சின்சியர்லி ரிக்ரெட் த இன்கன்வீனியன்ஸ்."

அவளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. இங்கிலீஷாக இருந்தால் என்ன? உளமார வருந்துகிறோம் என்று இந்த மனிதர், இந்த வீட்டில், இவளைப் பார்த்துச் சொல்கிறார்!

"காதுல சரியா விழல. இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னார். அதையும் கேட்டுக்கொண்டாள். மறுநாளும் கேட்டாள். ஒரு வாரம் போனது. மாற்றிக்கொள்ள வேண்டிய நாள் வந்தது. "உங்களுக்கு இன்னும் ராகம் சரியா வரல, இன்னும் ரெண்டு நாள் போகட்டும்" என்றாள். கள்ளி! அந்த ரெண்டு நாள் நீண்டுகொண்டே போனது. கோட்டு, சட்டை எல்லாம் தீர்ந்துபோய் சொந்தச் சரக்கை எடுக்க ஆரம்பித்தாள். அவர் அக்கா மகள் கல்யாணத்தில் இவளை மண்டபத்திலேயே மறந்துவிட்டுப் பஸ் ஏறியதற்கு ஒரு குறைச்சீட்டு. அவள் ஆசையாக வாங்கிய கண்ணாடிக் குவளையை உடைத்துவிட்டுப் பூனைமேல் பழி போட்டதற்கு ஒன்று. அதற்குச் சரியான இங்கிலீஷ் அவளிடம் தயாராக இருந்தது: 'பாஸிங் த பக்', அதாவது தன் தப்பை அடுத்தவர் தலையில் கட்டுவது. வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் உளமார வருந்தினார்.

பதினாலாம் நாளோ பதினைந்தாம் நாளோ, அவள் துண்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

"யூ செட் சிக்ஸ் மந்த்ஸ்."

ஆறு மாசம் என்று சொன்னீர்கள். நிலவறை வேலையில் சேர்த்துவிட்டபோது அவர் சொன்ன கணக்கு அது. ஆறே மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு, எனக்கு வேலை நிரந்தரமானதும் விட்டுடலாம் என்றார். வேலை நிரந்தரமானது. அப்புறம் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. அவர் அந்தத் துண்டை எடுத்து மடித்து வைத்தார். பிறகு, "வீ சின்சியர்லி ரிக்ரெட்" என்றார், அட்டையில் இருந்த மிச்சத்தைச் சொல்லவில்லை. அவளும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை.

ஆக, தேர்வுநாள் வந்தபோது நம் கறைக்காரி விருந்தாளியாகவே இருபது நாள் பயிற்சி எடுத்திருந்தாள். கவுண்டருக்கு அந்தப்பக்கம் அவள் ஒருதடவைகூட நின்று பார்க்கவில்லை.

மேனேஜரம்மாவின் அறையில் தேர்வு. சூப்பர்வைசர் நாளைக்கு ஓரமாக உட்கார்ந்திருந்தார். மச்சினன் முதலில் போய்விட்டு, டையைத் தடவிக்கொண்டே சிரித்த முகத்தோடு வெளியே வந்தான். அடுத்தது இவள். மேனேஜரம்மா இருபது வருஷமாக விருந்தாளிகளுக்கு நடுவில் வெந்தவர். ஒரு கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, விருந்தாளி மாதிரி முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, கோட்டு பாழாகிவிட்டது என்று இங்கிலீஷில் நாலு வார்த்தை சொன்னார். ரொம்பச் சப்பையான நாலு வார்த்தை.

கறைக்காரி பதிலுக்காகத் தேடினாள். அட்டையின் முதல் வரி எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. கண்ணுக்கு முன்னால் கோட்டு தெரிந்தது. கோட்டைப் பார்த்ததும் வாய் தன் பாட்டுக்குத் திறந்தது.

"டு புட் இட் மைல்ட்லி, மேடம், அயாம் வெரி டிஸ்அப்பாயின்டெட்."

அந்த ராகம் இருக்கிறதே, அது நாலாம் மாடி மூலை அறையில் வருஷாவருஷம் வந்து தங்கும் ஒரு பெரிய மனுஷியின் ராகம். அதைக் கேட்டதும் மேனேஜரம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். கை தானாகவே மார்பில் குவிந்தது.

"அயாம் ஸோ சாரி, மேடம்!"

நாளைக்கு இருமினார். யார் காதிலும் விழவில்லை. கறைக்காரிக்கு அதற்குமேல் நிறுத்தத் தெரியவில்லை. கோட்டு விஷயத்தை விட்டாள், விசிறிக்குப் போனாள். இரண்டு வருஷமாக விசிறி சுற்றவில்லை என்றாள். இது நான் எழுப்பும் ஏழாவது புகார் என்றாள். மருந்து நெடியில் மூக்கே செத்துப்போய்விட்டது என்றாள். எல்லாம் இங்கிலீஷில், எல்லாம் வெவ்வேறு அறை விருந்தாளிகளின் வாக்கியங்களில்.

"மேடம், அது வந்து, மெக்கானிக்குக்குச் சொல்லியாச்சு, நாளைக்கு..." என்று எழுந்தார் நாளைக்கு.

"ப்ளீஸ் ஸ்டாப் பாஸிங் த பக்" என்றாள் கறைக்காரி. அவர் பொத்தென்று உட்கார்ந்தார்.

மேனேஜரம்மா இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். இருபது வருஷப் பழக்கம் அவரையும் விடவில்லை. குனிந்து, கனிந்து, ஆயிரம் விருந்தாளிகளிடம் கேட்ட கேள்வியை இவளிடமும் கேட்டார். இதைச் சரிசெய்ய நாங்கள் என்ன செய்யவேண்டும் மேடம்?

கறைக்காரி மனசுக்குள் சீட்டுகளைப் புரட்டினாள். பணத்தைத் திருப்பிக் கொடு, புதுச் சட்டை வாங்கிக் கொடு என்று சீட்டுகளில் இதற்கு எத்தனையோ பதில் இருந்தது. எதுவும் இவளுக்குப் பொருந்தவில்லை. இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் இப்படிக் கேட்டதும் இல்லை. அவளறியாமல் தமிழ்தான் வந்தது.

"ஒரு ஜன்னல் வேணும் மேடம்."

அப்போதுதான் மேனேஜரம்மாவுக்குத் தான் யார், எதிரே நிற்பது யார் என்பது ஞாபகம் வந்தது. முகம் சிவந்து உட்கார்ந்தார். நாளைக்குக்கு உயிர் வந்துவிட்டது.

"பாத்தீங்களா மேடம்! சமாதானம் பண்ணச் சொன்னா சண்டைக்கு வர்றாங்க. ஒரு சாரி வந்துச்சா? என் மச்சினன் ரெண்டு நிமிஷத்துல பதினாலு சாரி சொன்னான்."

"சொன்னார். எதுக்கு சாரி சொல்றீங்கன்னு கேட்டேன். அதுக்கும் சாரின்னார்" என்றார் மேனேஜரம்மா. பிறகு கறைக்காரியின் பக்கம் திரும்பினார். "விசிறிய இன்னிக்கே பாக்கச் சொல்றேன். ஆனா கவுண்டர்ல உக்கார்றவங்களுக்கு சாரி சொல்ல வரணும்மா. அது இல்லாம ஒண்ணும் ஆகாது. திங்கக்கிழமை காலையில மறுபடி வர்றேன். மனசாரச் சொன்ன மாதிரி ஒரே ஒரு சாரி போதும், நாற்காலி உங்களுக்கு. வரலேன்னா அவருக்குத்தான்."

திங்கட்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நடந்ததைச் சொல்லி, துண்டை வீட்டுக்காரர் கையில் கொடுத்தாள்.

"இப்ப நீங்க விருந்தாளி. சத்தம் போடுங்க."

அவர் பாவம், "மை கோட்டு, மை கோட்டு" என்று இரண்டுதரம் சொன்னார். அவள் கையைக் கட்டிக்கொண்டு, "அயாம்..." என்று ஆரம்பித்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "அயாம்... வெரி டிஸ்அப்பாயின்டெட்" என்று வந்து விழுந்தது. மறுபடி முயன்றாள். மறுபடி அதேதான். வெள்ளி, சனி இரண்டு நாளும் இதே கூத்து. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கைக்கு எட்டிய ஜன்னல் அந்த டைக்காரனுக்குப் போகிறதே என்று பொருமினாள்.

"நீங்க மட்டும் எப்படிங்க அவ்வளவு சுலபமாச் சொன்னீங்க?"

"எனக்கும் சுலபமா வரலையே. கோட்டுக்குச் சொன்னப்ப சும்மா ஒப்பிச்சேன். நெசமாவே நான் செஞ்ச தப்பக் கேட்ட பாரு, அப்பதான் மனசுலேருந்து வந்துச்சு."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவரைப் பார்த்தாள். "அப்படின்னா நெசமான குறை ஒண்ணு சொல்லுங்க. எம்மேல."

"விடும்மா."

"இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"எத்தனை நாளா?"

"நாளா? வருஷக்கணக்கா." அவர் துண்டை முறுக்கினார், பிரித்தார். "மத்தியானம் வந்து ஒவ்வொண்ணையும் பதம் பாத்து சமைக்கிறேன். நீ வந்து உக்காந்ததும், வாயில வெச்சுப் பாக்காமலே உப்பள்ளிப் போட்டுக்கிற. ஒரு நாள் விடாம. ஒரு தடவையாவது ருசி பாத்துட்டுப் போடேன்னு கேக்கணும்னு தோணும். பச்சப்புள்ளத்தனமா இருக்கேன்னு விட்டுடுவேன்."

கறைக்காரிக்குத் திகீரென்றது. ஆமாம், போடுகிறாள். தினமும் போடுகிறாள். நெடியில் மூக்கு செத்த நாளிலிருந்து அவளுக்கு எதைத் தின்றாலும் சப்பென்றுதான் இருந்தது. அதை இவரிடம் அவள் சொன்னதே இல்லை. சொல்லவேண்டும் என்று தோன்றியதும் இல்லை. இந்த மனிதர் தினமும் எதிரே உட்கார்ந்து, அவள் கை உப்புக்கிண்ணத்துக்குப் போவதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவளுக்கு வெட்கமாக இருந்தது, துக்கமாகவும் இருந்தது.

"அயாம் சாரி" என்றாள். தடங்கலே இல்லாமல் வந்தது. "அயாம் ஸோ சாரிங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வந்துவிட்டது என்பது இருவருக்கும் தெரிந்துவிட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டார். புருவத்தைத் தூக்கினார். இருபது நாள் அவளிடம் வாங்கிக்கட்டிக்கொண்ட அதே ராகத்தில், நிறுத்தி நிதானமாகச் சொன்னார்:

"ஐ வான்ட் டு ஸ்பீக் டு யுவர் மேனேஜர்."